உப்புக் காற்றுக்கு ஒரு வேலி

சனிக்கிழமை காலை பாசாரிலிருந்து திரும்பிய துளசி, வாசல் கேட்டின் பூட்டைத் திறந்து உள்ளே வந்து, மீனையும் கீரையையும் சமையல் மேடையில் வைத்துவிட்டு, "கோகி" என்று கூப்பிட்டாள். பதில் வரும் என்று நினைத்துக் கூப்பிடவில்லை. ஏழு வயது கோகிலாவுக்கு ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. ஆனால் அம்மாவின் குரல் கேட்டால் வீட்டில் எங்கிருந்தாலும் குதிகாலால் தரையில் இரண்டு தட்டு தட்டுவாள். அன்று அந்தச் சத்தம் வரவில்லை.

ஹாலில் அவள் கணவன் மோகனராஜ் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறவன். இரவு வேலை முடித்து, மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறி, எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தான். "ஒரு மணி நேரம்தானே, நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா" என்று அவன்தான் அவளை அனுப்பினான்.

துளசி அறைகளைப் பார்த்தாள். குளியலறையைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு பக்கவாட்டு முற்றத்துக்குப் போனாள். மூலை வீடு என்பதால் அந்தப் பக்கம் ஒரு சிறு பாதையை ஒட்டி நீளமான இரும்பு வேலி உண்டு. அதில் மூன்று கம்பிகள் அடியில் விட்டுப்போய், வெளிப்புறமாக வளைந்திருந்தன. ஒரு குழந்தை குனிந்து போகும் அளவுக்கு இடைவெளி. ஒரு கம்பியின் முனையில் மஞ்சள் நூல் ஒன்று மாட்டியிருந்தது. காலையில் கோகிலாவுக்கு அவள் போட்டுவிட்டது மஞ்சள் சட்டை.

"என்னங்க, பாப்பா இல்ல" என்றாள். அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மோகனராஜ் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

ஜெலுத்தோங்கில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாதையின் ஒரு முனை பெரிய சாலையில் போய் முடியும். அங்கே பேருந்து நிறுத்தம் இருக்கிறது. மறுமுனையில் நடந்தால் கடலோர நெடுஞ்சாலை. யார் எங்கே போவது என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. துளசி நெடுஞ்சாலைப் பக்கம் ஓடினாள். செருப்பு போடவில்லை என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். லாரிகள் போயின. கார்கள் போயின. முதலில் அவள் பார்த்தது நடைபாதையை அல்ல, தார்ச்சாலையின் தரையை. மஞ்சளாக ஏதாவது கிடக்கிறதா என்று. ஒரு தாய் அப்படிப் பார்த்திருக்கக் கூடாது என்று பின்னாளில் பலமுறை நினைத்தாள். ஆனால் அப்படித்தான் பார்த்தாள்.

கையில் இருந்த போன் அடித்தது. மோகனராஜ். எடுத்தாள். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு பேருந்தின் பிரேக் சத்தம்.

"இருக்கா" என்றான். "இருக்கா, துளசி. ஒண்ணும் ஆவல. இங்கதான் இருக்கா."

துளசி தடுப்பின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து பெரிய சாலைப் பக்கம் நடந்தாள்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெரிய குடையின் கீழ் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் ரொஸ்னா, கோகிலாவைத் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். மடியில் ஒரு கட்டு வாழையிலைத் துண்டுகள். கோகிலா அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக ஓரம் பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்காலில் ஒரு சிறு கீறல். அவ்வளவுதான். ரொஸ்னா ஒரு கையால் சோறு கட்டிக்கொண்டே, மறு கையின் இரண்டு விரலால் மஞ்சள் சட்டையின் ஓரத்தைப் பிடித்திருந்தார். பிள்ளை கையைப் பிடித்தால் கத்தினாளாம். சட்டையைப் பிடித்தால் சும்மா இருந்தாளாம்.

துளசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்த வார்த்தை "தெரிமா காசே, காக்", நன்றி அக்கா, என்பது மட்டும்தான்.

"எனக்கு உங்க பிள்ளையத் தெரியுமே" என்றார் ரொஸ்னா மலாயில். "தினமும் காலையில தள்ளுவண்டியோட உங்க வீட்டைத் தாண்டித்தான் வர்றேன். கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. பஸ் போனா அதோட நம்பரைப் பார்த்து விரல் காட்டுவா. இன்னைக்குத் தனியா ரோட்டோரம் வர்றதைப் பார்த்ததும், இது அந்தக் கம்பிக்குள்ள நிக்கிற பிள்ளையாச்சே, வெளிய எப்படி வந்துச்சுன்னு ஓடிப் போய்ப் பிடிச்சேன்."

துளசி பாசாரிலிருந்து வீட்டுக்குள் வந்ததற்கும் மகளைக் கண்ணால் பார்த்ததற்கும் நடுவே பதினேழு நிமிடம்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து கோகிலாவின் காலைக் கழுவி, கீறலுக்கு மருந்து போட்டு, கதவைப் பூட்டிய பிறகு மோகனராஜ் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தான். துளசி திட்டவில்லை. வேலியிலிருந்து ஒடித்து எடுத்துவந்த கம்பி ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றாள். பிறகு அதைச் சமையலறை அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு, மீனைக் கழுவப் போய்விட்டாள்.

அவள் திட்டாததற்குக் காரணம் இருந்தது. அவனுக்குத்தான் அது தெரியாது.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, விருந்தாளிகள் வருகிறார்களே என்று துளசி அந்த வேலிக்குப் பெயிண்ட் அடித்திருந்தாள். அடிப்பக்கம் கம்பிகள் துரு ஏறிப் பொருக்குப் பொருக்காக நின்றதைப் பார்த்தாள். ஒரு கம்பியை விரலால் சுண்டியபோது உள்ளே உளுத்த சத்தம் வந்தது. சுரண்டி எடுத்துவிட்டு அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முறுக்கு சுடணும், துணி தைக்கக் கொடுத்ததை வாங்கணும், கோகிலாவை யாரிடமும் விட முடியாது. துருவின் மேலேயே பழுப்புப் பெயிண்டை இரண்டு கை அடித்துவிட்டாள். பார்க்கப் புதுசு போல் இருந்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். துளசிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருடமாக வேலை. உலோகத் தகடுகளையும் திருகாணிகளையும் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து, அதில் உப்புத் தண்ணீரைப் பனி மாதிரி தூவி, எது எத்தனை நாளில் துரு பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் தொழில். துருவை மறைத்துச் சாயம் பூசிய தகடு வந்தால் அதைத் திருப்பி அனுப்புகிற கையெழுத்தும் அவளுடையதுதான்.

ஓட்டைக்கு மோகனராஜ் அன்றே ஒரு பலகையைச் சங்கிலி போட்டுக் கட்டினான். அன்றிலிருந்து கோகிலாவை முற்றத்தில் விடவில்லை. அவள் ஜன்னலருகே நின்று, பேருந்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தாள்.

"செவரு கட்டிறலாம்" என்றான் மோகனராஜ் திங்கட்கிழமை. "ஆறடி. செங்கல்லு, சிமெண்டு. துரு பிடிக்காது, கரையான் வராது. நான் இருக்கிற வரைக்கும் நிக்கும்."

"அவ எப்படி பஸ் பாப்பா?"

"பஸ் பாக்காட்டி செத்தா போயிடுவா?" என்று கேட்டுவிட்டு, அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துளசி சொன்னாள்: "காக் ரொஸ்னாவுக்கு நம்ம பிள்ளைய எப்படித் தெரிஞ்சுச்சு? கம்பி வழியா தினமும் பாத்ததாலதான். செவரு இருந்திருந்தா, அவங்களுக்கு அவ ரோட்டுல போற ஏதோ ஒரு பிள்ளை லா. அம்மா பின்னால வர்றாங்கன்னு நெனச்சு விட்டிருப்பாங்க."

சுவரைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கதவு, கேட், வேலி செய்யும் பட்டறை வைத்திருக்கும் நாராயணன் அளவெடுக்க வந்தார். ஐம்பது வயதிருக்கும். பழைய கம்பிகளின் அடியைக் காலணி நுனியால் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, இங்கேருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"நடந்தா அஞ்சு நிமிஷம், அண்ணே."

"அப்புறம் இரும்பு எப்படி நிக்கும்? நான் இரும்பு விக்கிறவன், நானே சொல்றேன். மழை வந்தாக்கூட காஞ்சிரும். இந்தக் காத்துல இருக்கிற உப்பு காயாது. ராத்திரி ஈரத்துல ஊறி ஊறி அடியில தின்னுக்கிட்டே இருக்கும்."

"மரம் போட்டா?" என்று கேட்டான் மோகனராஜ்.

"நல்ல மரம்னா நிக்கும். ஆனா உங்க வீட்டுப் பின்னால ஈர மண்ணு. கரையான் வந்துச்சுன்னா மேல நல்லா இருக்கும், உள்ள ஓட்டையா இருக்கும். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்." அவர் விரல் மடக்கினார். "பிளாஸ்டிக்ல வருது. துரு கிடையாது. ஆனா வெயில்ல காஞ்சு காஞ்சு பத்து வருஷத்துல ஒரு உதைக்கு ஒடையும். ஸ்டெயின்லெஸ், அலுமினியம், ஜி.ஐ. இந்த மூணுல ஒண்ணு எடுங்க. ஜி.ஐ.ன்னா இரும்புதான், ஆனா முழுசா துத்தநாகக் குழம்புல முக்கி எடுத்தது."

"எது ரொம்ப நாள் நிக்கும்?"

"எல்லாரும் எல்லாம் நிக்கும்னுதான் சொல்லுவாங்க, தம்பி. நானும் சொல்லுவேன்."

துளசி முதல் முறையாகச் சிரித்தாள். "அண்ணே, ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு வெட்டித் தர முடியுமா? விரல் நீளம் போதும்."

"துண்ட வெச்சு என்ன செய்யப் போற?"

"சோதிச்சுப் பாக்கப் போறேன்."

நாராயணன் தந்தது நான்கு துண்டுகள்: பெயிண்ட் அடித்த சாதா இரும்பு, துத்தநாகம் பூசிய இரும்பு, சூட்டில் நிறப்பூச்சு ஏற்றிய அலுமினியம், வெள்ளை பிளாஸ்டிக். அவரிடம் ஸ்டெயின்லெஸ் இருப்பு இல்லை. அதை மோகனராஜ் வேறொரு கடையில் கேட்டு வாங்கி வந்தான். ஆயுசுக்கும் துரு பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னாராம். கண்ணாடி போல் மின்னியது. அவனுக்கு அதுதான் பிடித்திருந்தது.

சோதனைக்கூடத்தின் தலைமையில் இருந்தவர் ஷஹீரா. கறாரானவர். கம்பெனிப் பெட்டியில் வீட்டுச் சாமானை வைக்க விடுவாரா என்று துளசிக்குச் சந்தேகம். கேட்பதற்கு முன் நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. பெயிண்ட் அடித்ததையும் சேர்த்துச் சொன்னாள். கணவனிடம் சொல்லாததை அவரிடம் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஷஹீரா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "வருஷக் கடைசியில பத்து நாளைக்கு பெட்டி காலியாத்தான் இருக்கும். சும்மா ஓட்டிப் பார்க்கணும்னு நானே நெனச்சேன். உங்க துண்டுகளை ஓரத்துல வைங்க, நான் எழுதித் தர்றேன்" என்றார். பிறகு, "ஆனா உங்களுக்கே தெரியும். இந்தப் பெட்டி கடல் இல்ல. பத்து நாள் வெச்சா பத்து வருஷம்னு கணக்குக் கிடையாது. எது முதல்ல கெடுதுன்னு மட்டும்தான் சொல்லும்" என்று சேர்த்துக்கொண்டார்.

"எனக்கு அது போதும்" என்றாள் துளசி.

துண்டுகள் ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டாள். கோகிலா எப்படியும் கீறுவாள், கல்லால் தட்டுவாள், உலுக்குவாள். பிறகு, யாருக்கும் சொல்லாமல், ஆறாவதாக ஒன்றையும் வைத்தாள். அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த தங்கள் வீட்டுக் கம்பியில் துரு குறைவாக இருந்த மேல்பாகத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதன் துருவைச் சுரண்டாமல், வீட்டில் மிச்சமிருந்த பழுப்புப் பெயிண்டை இரண்டு கை அடித்தது.

அந்தப் பத்து நாள் வீட்டில் எளிதாகப் போகவில்லை. மோகனராஜுக்கு அவள் எதற்காகத் தாமதப்படுத்துகிறாள் என்று புரியவில்லை. "பத்து நாளா? பத்து நிமிஷத்துல போய்ட்டா அவ" என்றான் ஒருநாள். பகல் முழுக்கத் தூங்காமல் மகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இரவு லாரி ஓட்டப் போனான். கண்கள் சிவந்து கிடந்தன. துளசி சாப்பாடு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், தேவைக்குப் பேசினாள். அவள் பேசாத ஒவ்வொரு நாளும் அவனுக்குத் தண்டனை போல் இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று அவள் ஒவ்வொரு நாளும் நினைத்தாள். அவனுடைய சிவந்த கண்களைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை.

புது வருடம் பிறந்து இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்தார்கள். மறுநாள் காலை, மோகனராஜ் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்ததும், துளசி மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து ஆறு துண்டுகளையும் வரிசையாக வைத்தாள்.

"இது பிளாஸ்டிக். உப்பு இதை ஒண்ணும் செய்யல. ஆனா இதோட வேலை வெயில்லதான் தெரியும், பெட்டியில தெரியாது. இது அலுமினியம். பாருங்க, கீறுன எடத்துல மட்டும் ஊசி முனை அளவு பொங்கியிருக்கு. இது ஜி.ஐ. வெள்ளையா மாவு பூத்திருக்குல்ல, அது துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாத்துறது. சிவப்பு வரல."

அவன் ஸ்டெயின்லெஸ் துண்டை எடுத்தான். கண்ணாடி போல் இருந்தது இப்போது தேமல் பிடித்த தோல் மாதிரி பழுப்புப் புள்ளிகளோடு இருந்தது.

"இதுவா? ஆயுசுக்கும் பிடிக்காதுன்னாரே?"

"ஸ்டெயின்லெஸ்ல பல ரகம் இருக்கு. இது மட்டமான ரகம். மூணாவது நாளே பெட்டி மூடி வழியா புள்ளி தெரிஞ்சுச்சு. மேல பளபளப்பு ஒண்ணுதான்."

"நல்ல வேளை" என்றான் அவன். "நான் அன்னைக்கே இதை வாங்கியிருப்பேன்." சாதா இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலில் ஒட்டிய துருவைத் துடைத்தான். பிறகு கடைசித் துண்டைக் காட்டினான். பழுப்புப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்து, உள்ளிருந்து செம்மண் போல் ஒழுகிக் காய்ந்திருந்தது. "இது என்ன? நாம வாங்குனது அஞ்சுதானே?"

துளசி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோகிலா ஜன்னலருகே வாழையிலைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரொஸ்னா வாரம் ஒருமுறை ஒரு கட்டு கொடுத்தனுப்புவார்.

"இது நம்ம பாகாருங்க, நம்ம பழைய வேலிக் கம்பி" என்றாள். "தீபாவளிக்கு நான் பெயிண்ட் அடிச்சேன்ல. அப்பவே அடி உளுத்துப் போனது எனக்குத் தெரியும். கையால சுண்டிப் பாத்தேன். சுரண்ட நேரமில்லைன்னு அது மேலயே அடிச்சுட்டேன். உங்ககிட்டயும் சொல்லல. பெயிண்ட் இல்லாம இருந்திருந்தா துரு உங்க கண்ணுல பட்டிருக்கும். நீங்க கம்பி மாத்தியிருப்பீங்க. நான்தான் மறைச்சேன்."

மோகனராஜ் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க தூங்குனதால அவ போகல" என்றாள் துளசி. "தூங்குற மனுசனுக்கும் சேத்துத்தானே வேலி போடுறோம்."

"இதனாலயா நீ என்னைத் திட்டல?"

"ம்."

"அஞ்சு வாரமா?"

"ம்."

அவன் நாற்காலியில் பின்னால் சாய்ந்து ஒரு நீளமான மூச்சு விட்டான். கோபப்படப் போகிறான் என்று துளசி நினைத்தாள். கோபப்பட்டிருந்தாலும் அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள். ஆனால் அவன் கண்களைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"நீ என்னை விட்டுட்டுப் போகத்தான் யோசிக்கிறியோன்னு நெனச்சேன்" என்றான். "கெப்பாலா பத்தாஸ்ல உங்க அக்கா வீட்டுக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவியோன்னு. தினமும் வீட்டுக்கு வரும்போது உன் செருப்பு வாசல்ல இருக்கான்னுதான் மொதல்ல பாப்பேன்."

துளசி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன், "பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்த மாசம் தருவாங்க போல" என்றான். அதையும் அவன் அதுவரை சொல்லாமல்தான் வைத்திருந்தான்.

அன்று மத்தியானம் அவன் மூன்று மணி நேரம் கட்டிலில் படுத்துத் தூங்கினான். துளசி விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு இருந்தாள்.

முடிவு எடுக்க அதன் பிறகு நேரமாகவில்லை. மண்ணில் நிற்கும் தூண்கள் துத்தநாகம் பூசிய இரும்பு, பலம் அதற்குத்தான். நடுவில் வரும் கம்பிகள் அலுமினியம். ஐந்தடி உயரம். கம்பிக்கும் கம்பிக்கும் நான்கு விரல் இடைவெளி: முகத்தை வைத்துப் பார்க்கலாம், தலை போகாது. குறுக்குச் சட்டம் மேலும் கீழும் மட்டும். நடுவில் வைத்தால் கால் வைத்து ஏறிவிடுவாள். வளையுமோ என்று மோகனராஜுக்கு மட்டும் கொஞ்சம் பயம் இருந்தது. பட்டறைக்குப் போய், இரண்டு முக்காலிக்கு நடுவே ஒரு அலுமினியக் கம்பியைக் குறுக்கே வைத்து, அதன் மேல் ஏறி நின்று பார்த்தான். எண்பத்தாறு கிலோ. கம்பி லேசாக அசைந்தது, இறங்கியதும் நேரானது.

"போதுமா தம்பி?" என்றார் நாராயணன். "இல்ல, என்னையும் தூக்கிக்கிட்டு நிக்கிறியா?"

ஜனவரி நடுவில் வேலை தொடங்கியது. மூன்று நாள். துளசி பக்கத்திலேயே நின்றாள். திருகாணி அலுமினியத்தில் படும் இடத்திலெல்லாம் நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைக்கச் சொன்னாள். இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் ஒன்று மற்றதைத் தின்னும். நாராயணன் முதலில் முணுமுணுத்தார், பிறகு வளையம் வாங்க ஆள் அனுப்பினார். தூணின் அடியில் சிமெண்டைத் தட்டையாக விடாமல் சரிவாகப் பூசியது அவருடைய யோசனை. "தண்ணி நிக்கக் கூடாது. நின்னா அடியிலதான் வேலையக் காட்டும்" என்றார். வெட்டிய முனைகளுக்கெல்லாம் துத்தநாகக் கலவையைத் தன் கையாலேயே தடவினார்.

மூன்றாம் நாள் மாலை கோகிலாவை முற்றத்தில் விட்டார்கள். ஏழு வாரத்துக்குப் பிறகு. அவள் நேராக வேலிக்குப் போகவில்லை. நடு முற்றத்தில் நின்று, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முதல் கம்பியிடம் போய் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்றையும் விடவில்லை. மோகனராஜும் துளசியும் வாசற்படியில் நின்றார்கள். நாராயணன் சாமான் பெட்டியை மூடியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கடைசிக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை உலுக்கியபோது மட்டும் 'டக்' என்று ஒரு சிறு சத்தம். கோகிலா கையை எடுத்தாள். திரும்பவும் உலுக்கினாள். டக். துளசி வாசற்படியிலிருந்து இறங்கினாள்.

நாராயணன் வந்து குனிந்து பார்த்தார். "திருகு ஒண்ணு முழுசா ஏறல" என்றார். முறுக்கினார். "நாங்க நாலு பேரு பாத்தோம், யாரு கண்ணுலயும் படல. உங்க மகதான் லா உண்மையான கியூசி, தரம் பாக்கிற ஆளு."

கோகிலா அவர் விலகும் வரை காத்திருந்து, அதே கம்பியை மறுபடி உலுக்கினாள். சத்தம் வரவில்லை. மிச்சமிருந்த ஐந்து கம்பிகளையும் முடித்தாள். பிறகு நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நெற்றியை வைத்து நின்றுகொண்டாள். பெரிய சாலையில் ஒரு பேருந்து திரும்பியது. அவள் குதிகால்கள் மேலே எழுந்தன. ரொஸ்னா மிச்சப் பாத்திரங்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாக வந்தவர், வேலியைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து, துளசியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"அப்பாடா" என்றான் மோகனராஜ், யாரிடமும் என்றில்லாமல்.

அடுத்த சனிக்கிழமை துளசி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போனாள். மோகனராஜ் முற்றத்தில் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தான். கோகிலா வேலியோரம் நின்றாள். நான்கு வருடமாகத் துளசி குளியலறைக் கதவைச் சாத்தியதில்லை. ஒருக்களித்து வைத்து, தண்ணீரை நூல் மாதிரி விட்டு, வெளியே கேட்கும் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் குளித்து முடித்துவிடுவாள். அன்றும் பழக்கத்தில் கதவை அப்படியே விட்டுவிட்டுச் சீயக்காயைக் கரைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். புழங்காத தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. தாழ் விழுந்ததும், தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டுத் தலையைக் காட்டி நின்றாள். தண்ணீரின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அவள் வெகு நேரம் குளித்தாள்.